ஒரே சுவர், மூன்று முறை அளந்தேன், மூன்று விடை. எது சரி?

பதிவு 1 | கதவிடுக்கு

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி சின்னதுதான், ஆனால் இரண்டு நாளாக மண்டையைக் குடைகிறது.

வீட்டில் ஒரு சுவர்க்குழி இருக்கிறது. இரண்டு பக்கமும் சுவர், பின்னாலும் சுவர், முன்பக்கம் திறப்பு. அதற்குள் கச்சிதமாக உட்காருகிற மாதிரி ஒரு புத்தக அலமாரி செய்யக் கொடுக்கலாம் என்று அகலத்தை அளந்தேன். 1,214 மி.மீ. சந்தேகத்துக்கு மறுபடி அளந்தேன், 1,211. பக்கத்து வீட்டு டேப்பை வாங்கி அளந்தால் 1,216. மூன்றுக்கும் சராசரி 1,213.67 வருகிறது. அதையே கொடுத்துவிடலாமா? இல்லை, லேசர் கருவி வாங்கினால்தான் உண்மையான அளவு தெரியுமா?

பதிவு 2 | சும்மாவந்தேன்

நான்காவது முறை அளக்காதீர்கள்.

பதிவு 3 | உளிச்சத்தம்

இருபது வருஷமாக மரவேலை செய்கிறேன். சராசரி மட்டும் வேண்டாம், கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். 1,213.67-க்கு அலமாரி செய்து, குழியில் ஏதோ ஓர் இடம் 1,211 ஆக இருந்தால் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். சுவருக்குச் சராசரி தெரியாது.

மூன்று முறையும் ஒரே உயரத்திலா அளந்தீர்கள்? பூசிய சுவர் எதுவும் நூல் பிடித்த மாதிரி இருக்காது. தரையோரம் பிதுங்கும், நடுவில் உள்வாங்கும். கீழே, நடுவே, மேலே, ஒவ்வொன்றிலும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று ஆறு இடத்தில் அளந்து எழுதுங்கள். ஆகச் சிறியது எதுவோ அதுதான் எனக்கு வேண்டும். அதிலும் நாலைந்து மி.மீ. குறைத்துத்தான் அறுப்பேன்.

தூக்குக்குண்டு ஒன்றும் தொங்கவிட்டுப் பாருங்கள். இரண்டு சுவரும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தால் ஆறு அளவும் ஒன்றாகவே வரும். எல்லாம் சரி என்று நினைப்பீர்கள், அலமாரி மட்டும் உள்ளே போகாது. எனக்கு அப்படி ஒரு அலமாரி போயிருக்கிறது, அதாவது போகாமல் நின்றிருக்கிறது.

பதிவு 4 | கதவிடுக்கு

உயரமா? எந்த இடத்தில் அளந்தேன் என்றே நினைவில்லை. கை போன இடத்தில் அளந்தேன்.

பதிவு 5 | சுழிப்பிழை

உளிச்சத்தம் சொன்னதிலேயே விடை இருக்கிறது. கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மற்றவர்களின் அளவுகருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். சேர்ந்த முதல் வாரம் ஒரு எஃகுத் தண்டின் விட்டத்தைத் திருகு அளவியால் அளந்து, தாளில் எழுதி நீட்டினேன். மூத்தவர் தாளைப் பார்க்கவே இல்லை. "எந்த இடத்து விட்டம்?" என்றார். தண்டு ஒரு முனையில் மயிரிழை தடிப்பு, குறுக்குவெட்டும் முழு வட்டமில்லை. நான் எழுதிய எண்ணில் தப்பில்லை. அது எதனுடைய எண் என்றுதான் எனக்கே தெரியவில்லை.

உங்கள் குழிக்கும் அதே கதைதான். அதற்கு 'அகலம்' என்று ஒற்றை எண் கிடையாது. லேசர் வாங்கினாலும் ஒளிப்புள்ளி விழுகிற அந்த ஒரு இடத்தைப் பற்றித்தான் அது பேசும்.

டேப் விஷயம். முனையிலுள்ள கொக்கி ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடவேண்டும்! பலர் அது தேய்ந்துவிட்டது என்று நினைத்து ஆணியைத் தட்டி இறுக்கிவிடுகிறார்கள். கொக்கித் தகடு எவ்வளவு தடிமனோ அவ்வளவு தூரம் முன்னும் பின்னும் நகரும்படி வேண்டுமென்றேதான் அதைச் செய்திருக்கிறார்கள். பலகை விளிம்பில் மாட்டி இழுத்தால் வெளியே வரும், சுவரில் முட்டினால் உள்ளே போகும். இரண்டு விதமாக அளந்தாலும் சுழி இருக்கவேண்டிய இடத்தில் இருக்கும்.

அப்புறம் தரவகுப்பு. டேப்பின் தொடக்கத்தில் ரோமன் எண்ணில் ஒன்று, இரண்டு என்று அச்சிட்டிருக்கும். ஐரோப்பிய விதிப்படி இரண்டாம் வகுப்பு டேப், இரண்டு மீட்டர் அளக்கும்போது 0.7 மி.மீ. கூடவோ குறையவோ காட்டலாம். ஆக விதிக்கு உட்பட்ட இரண்டு நல்ல டேப்புகள் தங்களுக்குள் ஒரு மி.மீ.க்கு மேல் சண்டை போடலாம், இரண்டின் மேலும் குற்றம் சொல்ல முடியாது.

எங்கள் ஆய்வகம் எப்போதும் 20 டிகிரி செல்சியஸில் இருக்கும். ஒரு பொருளின் நீளம் என்றால் 20 டிகிரியில் அதன் நீளம் என்று 1931-லேயே உலக அளவில் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். எஃகு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.012 மி.மீ. நீளும். உங்களுக்கு இந்தக் கவலை வேண்டாம். மரம் ஈரத்தில் உப்புவது இதைவிடப் பல மடங்கு.

பதிவு 6 | அங்குலம்பிரியன்

மி.மீ.யில் அளப்பதால் வந்த வினை இது. அங்குலத்தில் பாருங்கள். கால் அங்குலத்துக்கு முழுமையாக்கினால் 1,211, 1,214, 1,216 மூன்றுமே நாற்பத்தேழே முக்கால் அங்குலம். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஒரே சுவர், ஒரே விடை. இழையை மூடிவிடலாம்.

பதிவு 7 | சாக்பீஸ்

அங்குலம்பிரியன், வித்தியாசத்தைப் போர்வை போட்டு மூடியிருக்கிறீர்கள். போர்வைக்குள் அது அப்படியே இருக்கிறது. அரைக்கால் அங்குலத்துக்கு முழுமையாக்கிப் பாருங்கள், மறுபடி மூன்று விடை வரும். இன்னொன்று, உங்கள் அங்குலமே 1959-லிருந்து 25.4 மி.மீ. என்றுதான் வரையறுக்கப்பட்டிருக்கிறது. மீட்டரின் தோளில் உட்கார்ந்துகொண்டு மீட்டரைத் திட்டுகிறீர்கள்.

ஆனாலும் அவர் பேச்சில் ஒரு நியாயம் உண்டு. 1,213.67-இல் அந்த .67 எங்கிருந்து வந்தது? டேப்பில் கோடு மி.மீ. வரைதான். அந்தப் பின்னம் வகுத்தலில் பிறந்தது, சுவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முப்பது வருஷம் பள்ளியில் இயற்பியல் நடத்தினேன். கால்குலேட்டர் வந்த பிறகு விடைத்தாள்களில் எட்டு தசம இடம் சாதாரணமாகிவிட்டது. அடிஸ்கேலில் அளந்த நீளத்துக்கு எட்டு தசம இடம்!

இதற்கு உலகம் முழுக்கப் பரவிய உதாரணம் உடம்புச் சூடு. 1868-இல் வுண்டர்லிக் என்ற ஜெர்மானிய மருத்துவர், ஏறக்குறைய 25,000 நோயாளிகளின் அக்குளில் வெப்பமானி வைத்துச் சேர்த்த பதிவுகளிலிருந்து 37 டிகிரி செல்சியஸ் என்று சொன்னார். அது உருண்டையான எண், 'சுமார் 37' என்று படிக்கவேண்டியது. அதை ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றியபோது 98.6 ஆனது. உடனே அந்த புள்ளி ஆறுக்கு ஒரு கம்பீரம் வந்துவிட்டது. 99 காட்டினால் காய்ச்சலோ என்று பயந்தவர்கள் எத்தனை பேர்! மாற்றும் சூத்திரம் கொடுத்த தசமம் அது. அவரவர் உடம்பு, அளந்த நேரம், அளந்த இடம் எல்லாவற்றையும் பொறுத்து மாறுகிற ஒன்றுக்கு அவ்வளவு நுட்பம் எங்கிருந்து வரும்?

பதிவு 8 | இரவுப்பணி

சாக்பீஸ் சார் சொன்னது எங்கள் வார்டில் தினமும் நடப்பது. செவிலியர் நான். வாயில் வைத்தால் ஒன்று, அக்குளில் வைத்தால் அதைவிடக் குறைவு, அதிகாலையில் குறைவு, மாலையில் கூடுதல். அதனால் எண்ணோடு இடத்தையும் நேரத்தையும் சேர்த்துத்தான் எழுதுவோம்.

இரத்த அழுத்தம் இன்னும் மோசம். நோயாளி பேசிக்கொண்டிருந்தால் கூடும். கையைத் தொங்கப்போட்டால் கூடும், இதயத்தின் மட்டத்துக்குத் தாங்கிப் பிடிக்கவேண்டும். கையில் சுற்றும் பட்டை சிறியதாக இருந்தாலும் கூடுதலாகவே காட்டும். கருவி ஒன்று, ஆள் ஒன்று, ஐந்து நிமிஷத்தில் மூன்று எண் வரும்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். கையால் பம்ப் செய்து ஸ்டெதாஸ்கோப்பில் கேட்டு அளக்கும் கருவியில் கோடுகள் இரண்டு இரண்டாகத்தான் இருக்கும். 120, 122, 124 என்று போகும். முறையாகப் படித்தால் கடைசி இலக்கமாக 0, 2, 4, 6, 8 ஐந்தும் ஏறக்குறைய சம அளவில் வரவேண்டும். பழைய நோட்டைப் புரட்டினால் பூஜ்யமாகவே கொட்டிக்கிடக்கும். அதெல்லாம் அளந்தவரின் பழக்கம், இரத்தத்தின் குணமில்லை.

பதிவு 9 | சும்மாவந்தேன்

அப்போ 121/79 என்று யாராவது அந்தக் கருவியில் பார்த்து எழுதியிருந்தால்?

பதிவு 10 | இரவுப்பணி

கற்பனை வளம் உள்ளவர் என்று எடுத்துக்கொள்வோம்.

பதிவு 11 | தூரத்துவெள்ளி

இரவுப்பணி சொன்ன 'அளந்தவரின் பழக்கம்' என்பதற்காக ஒருவருக்கு வேலையே போயிருக்கிறது. 1796, கிரீன்விச் வானாய்வகம். விண்மீன் ஒன்று தொலைநோக்கியின் கம்பியைக் கடக்கும் நொடியைக் குறிக்கவேண்டும். அப்போது முறை என்னவென்றால், கண்ணால் விண்மீனைப் பார்த்துக்கொண்டே காதால் கடிகாரத்தின் 'டிக்' சத்தத்தை எண்ணி, இரண்டு டிக்குகளுக்கு நடுவே எங்கே கடந்தது என்று மதிப்பிடுவது. தலைமை வானியலாளர் மாஸ்கலைனுக்கும் அவருடைய உதவியாளர் கின்னபுரூக்குக்கும் 0.8 நொடி வித்தியாசம் வந்தது. உதவியாளர் ஒழுங்காகச் செய்யவில்லை என்று அனுப்பிவிட்டார்.

ஏறக்குறைய கால் நூற்றாண்டு கழித்து பெஸல் என்ற ஜெர்மானிய வானியலாளர் அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு, தன்னையே மற்ற வானியலாளர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். திறமைசாலிகளுக்கு இடையிலும் அப்படி ஒரு நிரந்தர வித்தியாசம் இருந்தது. அதற்கு 'ஆள்சார் திருத்தம்' மாதிரி ஒரு பெயர் வைத்து, ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்று கூட்டிக் கழித்துக்கொள்ளத் தொடங்கினார்கள். கின்னபுரூக் அதற்கு முன்பே இறந்துபோயிருந்தார். அந்தப் பையனை நினைத்தால் எனக்கு எப்போதும் வருத்தமாக இருக்கும்.

இதே பெஸல்தான் 1838-இல் ஒரு விண்மீனின் தூரத்தை இடமாறு தோற்றத்தை (பூமி சூரியனைச் சுற்றும்போது விண்மீன் சற்றே இடம் மாறித் தெரிவதை) வைத்து அளந்து வெளியிட்டார். ஒரு பாகையின் பத்தாயிரத்தில் ஒரு பங்கைவிடச் சிறிய கோணம் அது. தன் கண்ணின் குறையையும் காதின் குறையையும் கணக்கெடுத்துப் பழகிய மனிதருக்குத்தான் அது கைகூடியது என்பது என் எண்ணம்.

பதிவு 12 | அங்குலம்பிரியன்

சரி, ஒப்புக்கொள்கிறேன், போர்வைதான். ஆனால் எந்த அலகிலும் தப்பில்லை, அலகை எழுதாமல் விடுவதுதான் தப்பு என்பதையாவது எல்லாரும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

1983 ஜூலை 23. கனடாவில் ஒரு போயிங் 767 விமானம், 69 பேரோடு 41,000 அடி உயரத்தில் பறக்கும்போது எரிபொருள் தீர்ந்து இரண்டு என்ஜினும் நின்றுபோயின. எரிபொருள் காட்டும் மானி வேலை செய்யாததால் தொட்டியில் குச்சி விட்டு லிட்டரில் பார்த்து, அதை எடையாக மாற்றினார்கள். பெருக்கவேண்டிய எண் 0.8 (லிட்டருக்குக் கிலோ). பெருக்கியது 1.77 (லிட்டருக்குப் பவுண்டு). விடையைக் கிலோ என்று நினைத்துக்கொண்டார்கள். தேவையானதில் பாதிகூட இல்லாமல் கிளம்பியது. விமானிக்குக் கிளைடர் ஓட்டத் தெரிந்திருந்ததால், கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படைத் தளத்தில் சறுக்கிக்கொண்டே இறக்கிவிட்டார். எல்லாரும் பிழைத்தார்கள்.

1999-இல் செவ்வாய்க்குப் போன நாசாவின் விண்கலத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஒரு மென்பொருள் உந்துதலைப் பவுண்டுக் கணக்கில் கொடுக்க, இன்னொன்று அதை நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது. 4.45 மடங்கு வித்தியாசம். கலம் தேவைக்கு மிகவும் தாழ்வாகச் செவ்வாயை நெருங்கித் தொலைந்தது.

பவுண்டு பாவம், அது ஒன்றும் செய்யவில்லை.

பதிவு 13 | உளிச்சத்தம்

பட்டறையில் புதுப் பையன்களுக்கு நான் சொல்வதும் அதுதான். "நானூற்றைம்பது" என்று கத்தாதே, மி.மீ.யா செ.மீ.யா சொல். ஒருத்தன் 45 என்று எழுதிவைத்து, நான் மி.மீ. என்று அறுத்துவைத்த துண்டு இன்னும் மேஜையில் காகிதம் பறக்காமலிருக்க வைத்திருக்கிறேன்.

பதிவு 14 | வரைபடப்பைத்தியம்

கதவிடுக்கின் முதல் அளவைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. 1,214! ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் இடையிலான எல்லையின் நீளம் 1,214 கிலோமீட்டர் என்று போர்ச்சுகல் சொல்லிவந்தது. ஸ்பெயினின் கணக்கில் அதே எல்லை 987. ஒரே கோடு, இரண்டு பக்கமும் இரண்டு நீளம். லூயிஸ் ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர் இதைப் பிடித்துக்கொண்டு ஆராய்ந்தார். யாரும் பொய் சொல்லவில்லை. அளக்கும் கோல் எவ்வளவு சின்னதோ அவ்வளவு வளைவு நெளிவும் கணக்கில் சேரும், நீளம் கூடும். கடற்கரைக்கும் அதேதான். பிரிட்டனின் கரையை 200 கி.மீ. கோலால் அளந்தால் சுமார் 2,400 கி.மீ., 50 கி.மீ. கோலால் அளந்தால் சுமார் 3,400. கோலைச் சிறியதாக்கிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் போய் நிற்கும் என்று எதிர்பார்ப்போம், நிற்காது. 1967-இல் மாண்டல்பிராட் என்ற கணிதவியலாளர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதைத்தான் பேசியது.

கதவிடுக்கின் சுவரை மணல்மணலாக அளந்தால் என்ன ஆகும் என்று யோசிக்காதீர்கள்.

பதிவு 15 | சும்மாவந்தேன்

எனக்கும் ஒரு அளவுச் சந்தேகம். நேற்று இங்கே 10 டிகிரி, இன்று 20. இன்று இரண்டு மடங்கு சூடு என்று வீட்டில் சொன்னேன். தப்பு என்கிறார்கள்.

பதிவு 16 | சாக்பீஸ்

வீட்டில் சொன்னதுதான் சரி. செல்சியஸின் பூஜ்யம் தண்ணீர் உறைகிற இடம், அதற்காகச் சூடே இல்லை என்று ஆகாது. செல்சியஸ் 1742-இல் முதலில் போட்டபோது கொதிநிலையை 0 என்றும் உறைநிலையை 100 என்றும் தலைகீழாகத்தான் வைத்தார், பிற்பாடு திருப்பினார்கள். அப்படித் திருப்பிப்போட முடிகிற எண்களை வைத்து மடங்கு பேசக்கூடாது. உண்மையான பூஜ்யத்திலிருந்து தொடங்கும் கெல்வினில் அந்த இரண்டும் 283-உம் 293-உம். மூன்றரை சதவீதம்தான் கூடுதல்.

எண்ணைப் பார்த்ததும் கூட்டலாம், பெருக்கலாம் என்று கை துறுதுறுக்கும். எல்லா எண்ணும் அதற்கு இடம் கொடுக்காது. கனிமங்களின் கடினத்துக்கு மோஸ் 1812-இல் 1 முதல் 10 வரை போட்டது வெறும் வரிசை: எது எதைக் கீறும் என்பது மட்டும். வைரம் 10, குருந்தம் 9. அடுத்தடுத்த எண்கள்தானே என்று நினைப்போம். கருவி வைத்து அளந்தால் வைரம் குருந்தத்தைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு கடினம். டெசிபெல்லும் அப்படி ஏமாற்றும். 60 டெசிபெல் சத்தம் போடும் இயந்திரம் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டால் 120 ஆகாது, 63 ஆகும்.

1946-இல் ஸ்டீவன்ஸ் என்ற உளவியலாளர் இந்த எண்களையெல்லாம் நான்கு சாதியாகப் பிரித்தார்: பெயருக்கு மட்டும் உள்ளவை, வரிசை காட்டுபவை, இடைவெளி சமமானவை, உண்மையான பூஜ்யம் உடையவை. கடைசி வகையில் மட்டும்தான் 'இரண்டு மடங்கு' என்ற பேச்சுக்கு அர்த்தம் உண்டு.

பதிவு 17 | தூரத்துவெள்ளி

எங்கள் வானியலிலும் ஒன்று உண்டு. விண்மீன்களின் ஒளிர்வில் எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும். மிகப் பிரகாசமான சிரியஸ் கழித்தல் 1.46. ஐந்து படி இறங்கினால் நூறு மடங்கு வெளிச்சம் என்று 1856-இல் போக்சன் முறைப்படுத்தினார். புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் விடிந்துவிடும், விண்மீனும் போய்விடும்.

பதிவு 18 | சுழிப்பிழை

சாக்பீஸ் சாரின் நான்கு வகையை ஒட்டி, மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனையில் "வலி 0 முதல் 10-க்குள் எவ்வளவு?" என்று கேட்கிறார்களே, அதை அளவு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அலகு எது? எதோடு ஒப்பிட்டார்கள்? என் மேஜைக்கு அப்படி ஒரு கருவி வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

பதிவு 19 | இரவுப்பணி

உங்கள் மேஜைக்குத் தண்டு வரும். எனக்கு மனிதர்கள் வருகிறார்கள்.

அறுவைச் சிகிச்சை முடிந்தவர் 8 என்கிறார். மருந்து கொடுத்து அரை மணி நேரம் கழித்துக் கேட்டால் 4 என்கிறார். 4 என்பது 8-இல் பாதியா என்பது எனக்குத் தேவையில்லை. இறங்கியதா, இல்லையா? அடுத்த மருந்து வேண்டுமா, வேண்டாமா? அதைச் சொல்ல அந்த எண் போதும். ஒருவருடைய 8-ஐ அடுத்த கட்டிலில் இருப்பவருடைய 6-ஓடு வைத்துப் பார்க்கமாட்டோம். வார்டு முழுக்கச் சராசரி எடுத்து "இன்றைய வலி 5.3" என்று யாராவது எழுதினால் நானும் உங்களோடு சேர்ந்து சண்டைக்கு வருவேன். ஆனால் கேட்காமலே விட்டால் என்ன ஆகும் தெரியுமா? சத்தம் போடுகிறவருக்கு மருந்து கிடைக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பவருக்குக் கிடைக்காது.

பதிவு 20 | சுழிப்பிழை

பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பவரை நான் யோசிக்கவே இல்லை. வாபஸ் வாங்குகிறேன். அளவு என்று சொல்லலாம், வரிசை அளவு.

பிராயச்சித்தமாக எங்கள் தொழிலின் மானம் போன கதை ஒன்று. 1889-லிருந்து 2019 வரை உலகத்தின் கிலோகிராம் என்பது பாரிஸுக்குப் பக்கத்தில் பெட்டகத்தில் பூட்டிவைத்த ஓர் உலோக உருளை. பிளாட்டினம் 90, இரிடியம் 10. உயரமும் விட்டமும் தலா 39 மி.மீ. அதன் நகல்கள் பல நாடுகளில். நூறு வருஷத்தில் மூலத்துக்கும் நகல்களுக்கும் இடையே சுமார் 50 மைக்ரோகிராம் வித்தியாசம் விழுந்திருந்தது. மூலம் இளைத்ததா, நகல்கள் கொழுத்தனவா? சொல்ல வழியில்லை. வரையறைப்படி மூலம் எப்போதும் ஒரு கிலோதான், அதை யாராவது தேய்த்துக் கரைத்தாலும் ஒரு கிலோதான், பிரபஞ்சம் முழுக்க எடை கூடிவிட்டது என்று எழுதவேண்டியதுதான்! 2019 மே 20 முதல் உருளையை விட்டுவிட்டு, பிளாங்க் மாறிலி என்ற, இயற்கையில் எங்கும் மாறாத ஓர் எண்ணின் மதிப்பை நிலையாக வைத்துக் கிலோவை வரையறுக்கிறார்கள்.

அதற்குப் பிறகாவது நிம்மதியா என்றால், இல்லை. கடிகாரங்கள் அளவுக்கு மீறி நன்றாகிவிட்டன. ஈர்ப்பு கூடுதலாக உள்ள இடத்தில் காலம் மெதுவாக ஓடும் என்பது ஐன்ஸ்டீன் சொன்னது. 2010-இல் அமெரிக்காவில் இரண்டு அணுக்கடிகாரங்களில் ஒன்றை 33 செ.மீ. மட்டும் உயர்த்தி வைத்து, அது வேகமாக ஓடுவதைக் காட்டிவிட்டார்கள். இப்போது மணி என்ன என்று கேட்டால் எந்த உயரத்து மணி என்று திருப்பிக் கேட்கவேண்டும். என் மூத்தவர் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

பதிவு 21 | சாக்பீஸ்

கிலோ வந்தால் மீட்டரும் வரவேண்டும். 1792-இல் பிரான்ஸில் டெலாம்பர், மெஷான் என்ற இரண்டு பேரை அனுப்பினார்கள். டன்கிர்க்கிலிருந்து பார்சிலோனா வரை நிலத்தை அளந்து, அதிலிருந்து வடதுருவம் முதல் நிலநடுக்கோடு வரையிலான தூரத்தைக் கணக்கிட்டு, அதில் ஒரு கோடியில் ஒரு பங்கை மீட்டர் என்று வைப்பதாகத் திட்டம். ஏழு வருஷ வேலை, நடுவில் புரட்சி, போர். பார்சிலோனாவில் மெஷானுக்கு அட்சரேகைக் கணக்கில் மூன்று விநாடிக்கோணம் (ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு ஒரு விநாடி) இடித்தது. எங்கே தப்பு என்று அவருக்குப் பிடிபடவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. மனதுக்குள் வைத்துப் புழுங்கி, அதைச் சரிசெய்யவேண்டும் என்றே மறுபடி ஸ்பெயினுக்குப் போய், 1804-இல் காய்ச்சலில் இறந்துபோனார். குறிப்பேடுகள் கைக்கு வந்த பிறகுதான் டெலாம்பருக்கு விஷயம் தெரிந்தது.

அதில் எனக்குத் தாங்காதது, மீட்டர் பிழைபட்டதற்கு முக்கியக் காரணம் மெஷானின் அந்த மூன்று விநாடி இல்லை. பூமி துருவத்தில் எவ்வளவு தட்டை என்று அவர்கள் எடுத்துக்கொண்ட மதிப்பு சரியில்லை. மீட்டர் 0.2 மி.மீ. குட்டையாகிவிட்டது. அந்தக் குட்டை மீட்டரைத்தான் நாம் எல்லாரும் இன்றுவரை பயன்படுத்துகிறோம், துருவத்துக்கான தூரம் 10,000-க்குப் பதில் ஏறக்குறைய 10,002 கி.மீ. என்று சொல்லிக்கொள்கிறோம். 1983-லிருந்து ஒளியின் வேகத்தை வைத்து வரையறை. நொடிக்கு 2,99,792 கி.மீ. சொச்சம் என்று ஒழுங்கில்லாத எண்ணாக அது நிற்பது அந்த ஏழு வருஷ அலைச்சலின் மிச்சம்தான்.

இவ்வளவு சந்தேகம் என்று பக்கத்தில் ஒரு கூட்டல்-கழித்தல் குறி போட்டு எழுதும் வழக்கம் அன்றைக்கே இருந்திருந்தால் மெஷான் இன்னும் சில வருஷம் இருந்திருப்பாரோ என்னவோ.

பதிவு 22 | மட்டுறுத்துநர்

பூமியை அளந்து முடித்தாகிவிட்டது. கதவிடுக்கின் அலமாரி என்ன ஆனது?

பதிவு 23 | கதவிடுக்கு

இருக்கிறேன், எல்லாவற்றையும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆறு இடத்தில் அளந்தேன். கீழே 1,211-உம் 1,210-உம், நடுவே 1,214-உம் 1,213-உம், மேலே 1,215-உம் 1,215-உம். சுவர் மேலே போகப்போக விரிகிறது. தூக்குக்குண்டு விட்டதில் இடது சுவர்தான் குற்றவாளி என்று தெரிந்தது. அப்புறம் சுழிப்பிழை சொன்ன கொக்கியைப் பார்த்தேன். என் டேப்பில் அது ஆடவே இல்லை. முந்தைய வருஷம் பெயிண்ட் அடித்தபோது சொட்டு விழுந்து, வெளியே இழுத்த நிலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்படியென்றால் சுவருக்குச் சுவர் அளந்த ஒவ்வொரு முறையும் ஒரு மி.மீ. குறைத்துக் காட்டியிருக்கிறது, சரிதானே? சுரண்டி எடுத்துவிட்டேன். மறுபடி அளக்கவேண்டும். மூலையில் டேப்பை மடக்கிப் படிப்பதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. வளைவில் எந்தக் கோடு என்று குத்துமதிப்பாகத்தான் சொல்கிறேன்.

பதிவு 24 | உளிச்சத்தம்

டேப்பைக் கீழே வையுங்கள்.

நேரான இரண்டு குச்சி எடுங்கள். ஒவ்வொன்றும் குழியின் அகலத்தில் முக்கால் பங்கு இருந்தால் போதும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்து, கீழே தரையோரம் வைத்து, ஒன்று இடது சுவரைத் தொடும்வரை, மற்றது வலது சுவரைத் தொடும்வரை நகர்த்துங்கள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும் இடத்தில் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு. 'கீழே முன்' என்று பக்கத்தில் எழுதுங்கள். இதே மாதிரி ஆறு இடம், ஆறு கோடு. குச்சிகளை அப்படியே செய்பவரிடம் கொடுங்கள். எந்த டேப், எந்த வகுப்பு, மி.மீ.யா அங்குலமா எதுவும் வேண்டாம். என்னை வேலை கற்றுக்கொடுத்து ஆளாக்கியவருக்கு எண்ணே வாசிக்கத் தெரியாது. அவர் செய்த கதவுகள் இன்றைக்கும் இடிக்காமல் மூடுகின்றன.

பதிவு 25 | அங்குலம்பிரியன்

அந்தக் குச்சி மீட்டரா அங்குலமா என்று கேட்கத் தோன்றுகிறது, கேட்கவில்லை.

பதிவு 26 | கதவிடுக்கு

மூன்று வாரம் கழித்து வருகிறேன். அலமாரி உள்ளே போய்விட்டது! தட்டவில்லை, செதுக்கவில்லை, இரண்டு பேர் தூக்கி வைத்தோம், போனது. குச்சியைப் பார்த்ததும் செய்பவர் என்னைக் கொஞ்சம் மரியாதையாக நடத்தினார் என்பதையும் இங்கே பதிவுசெய்கிறேன். கீழே இரண்டு பக்கமும் சீராக இருக்கிறது. இடது பக்கம் மேலே மட்டும் இடைவெளி கூடுதல், அங்கே ஒரு பட்டி அடித்து மறைத்துவிடலாம் என்கிறார்.

பதிவு 27 | சுழிப்பிழை

மகிழ்ச்சி. மேலே இடைவெளி எவ்வளவு?

பதிவு 28 | கதவிடுக்கு

தபால் அட்டை பதினெட்டு நுழைகிறது. பத்தொன்பதாவது போகவில்லை.

பதிவு 29 | சுழிப்பிழை

எந்த இடத்தில்?